டிஎன்ஏ பேர் சொல்லாது

14 ஜூன் 2025

ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து எரிந்து இரண்டு நாள் ஆகிறது. வந்த கேள்வி, அப்படியே தருகிறேன்: "ஆமதாபாத்ல எரிஞ்சுபோன உடல்களை டிஎன்ஏ வச்சுத்தான் சொந்தக்காரங்ககிட்ட கொடுக்கப் போறாங்களாம். அப்போ இந்தப் பல்லு பாக்குறது, எலும்பு அளக்குறது, மண்டையோட்டை ஃபோட்டோவோட பொருத்துறது எல்லாம் பழைய கதைதானே? இதையெல்லாம் இன்னும் எதுக்குச் சொல்லிக்கொடுக்குறீங்க?"

நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கும்பகோணத்தில் 23 வருஷமாகப் பல் பிடுங்குகிறவன். ஆனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது, கொஞ்சம் கோபமும் இருக்கிறது. இப்போது ஆள் காத்திருக்கிறார்கள். நாளை எழுதுகிறேன்.

15 ஜூன் 2025, இரவு

டிஎன்ஏ பேர் சொல்லாது. அது கொடுப்பது எண்கள். மரபணுவில் இருபதுக்கும் மேற்பட்ட குறிப்பிட்ட இடங்களில் ஒரு சின்னத் துண்டு எத்தனை தடவை அடுத்தடுத்து வருகிறது என்ற எண்ணிக்கை, அவ்வளவுதான். ஓர் இடத்தில் 12, 14. அடுத்த இடத்தில் 9, 9. இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் உட்கார்ந்திருக்கலாம், இன்னார் என்று தெரியாது. எதிரில் வைத்துப் பார்க்க இன்னொரு வரிசை வேண்டும். அம்மாவுடையதோ பிள்ளையுடையதோ, இல்லையென்றால் செத்தவரே உயிரோடு இருந்தபோது விட்டுப்போன டூத் பிரஷ்ஷில் ஒட்டியிருப்பதோ.

அந்த விமானத்தில் இருந்த குஜராத் முன்னாள் முதல்வர் விஜய் ரூபானியின் உடலை அடையாளம் கண்டுவிட்டதாக இன்றைக்குச் செய்தி வந்தது. முடிந்தது எப்படி? பயணிகள் பட்டியல் இருக்கிறது. யார் குடும்பம், எந்த ஊர், எல்லாம் தெரியும். ரத்தம் கொடுக்கச் சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பாதிப் புதிர் முதல் நாளே அவிழ்ந்துவிட்டது. கொள்ளிடக்கரை நாணலில் கிடக்கும் எலும்புக்கு ஏது பயணிகள் பட்டியல்?

இன்டர்போல் இதற்கென்று வைத்திருக்கும் முறையில் இரண்டு படிவங்கள். காணாமல் போனவர் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தார் என்பதற்கு மஞ்சள். கிடைத்த உடலைப் பற்றி எழுத ரோஸ். மஞ்சளும் ரோஸும் சேர்ந்தால்தான் பெயர். முதல்தரச் சான்று என்று அவர்கள் எடுத்துக்கொள்வது மூன்று: கைரேகை, பல், டிஎன்ஏ. இதில் பெரியது சின்னது கிடையாது, ஏதாவது ஒன்று உறுதியாகப் பொருந்தினால் போதும். மச்சம், தழும்பு, பச்சை குத்தியது, நகை, துணி எல்லாம் இரண்டாம் தரம். முகத்தைப் பார்த்து மட்டும் சொல்வதை அவர்கள் ஏற்பதே இல்லை. நம் ஊரில் அதுதான் முதல், பல சமயம் அதுவே கடைசி.

ரோஸ் படிவத்தை நிரப்ப ஆயிரம் கருவி வந்துவிட்டது. நம்மிடம் காலியாகக் கிடப்பது மஞ்சள்.

15 ஜூன் 2025, இன்னும் கொஞ்சம்

தூக்கம் வரவில்லை, சொந்தக் கதை ஒன்று. 2010, ஐப்பசி அடைமழை. வேறு ஸ்டேஷன் கான்ஸ்டபிள் ஒருவர் ஒரு வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். ஆற்றங்கரையில் ஓர் உடல், சதை பெரும்பாலும் போய்விட்டது. சட்டைக் காலரில் தையல்காரர் லேபிள் மட்டும் மிச்சம். அந்த லேபிளைப் பிடித்துக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் துணியைப் பார்த்து, ஒரு கல்யாணத்துக்கு மொத்தமாகத் தைத்தது என்றார். கல்யாண வீட்டைப் பிடித்து, அங்கிருந்து இந்த அம்மாவைப் பிடித்தார்கள். (லேபிள் இரண்டாம் தரம் என்று இப்போதுதான் எழுதினேன். வீடு வரை கொண்டுவந்து விட்டது அந்த இரண்டாம் தரம்தான்.)

அந்த அம்மா, "டாக்டர் தம்பி, என் புள்ளைக்கு நீங்கதான் பல்லு கட்டுனீங்க" என்றார். கான்ஸ்டபிள் கையில் கீழ்த்தாடையின் ஃபோட்டோ இருந்தது. அதில் ஒரு கடைவாய்ப்பல்லில் கேப். என் வேலை மாதிரிதான் தெரிந்தது. பில் புக்கைப் புரட்டினேன். பெயர் இருந்தது. "வேர் சிகிச்சை + கேப் – 2,800" என்று இருந்தது. எந்தப் பல் என்று இல்லை. எக்ஸ்ரே? நம் வழக்கப்படி படத்தைக் கவரில் போட்டு நோயாளி கையிலேயே கொடுத்து அனுப்பியாயிற்று. அது அவர் வீட்டு வெள்ளத்தில் போயிருந்தது.

எவ்வளவு வாங்கினேன் என்பதற்குக் கணக்கு இருந்தது, எந்தப் பல் என்பதற்கு இல்லை. நினைவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

17 ஜூன் 2025

"மனைவி ரத்தம் கொடுத்தால் போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது ஐயா. எத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாலும் மரபணுவில் ஒட்டாது. ஆனால் மனைவியும் பிள்ளையும் சேர்ந்து கொடுத்தால் நல்ல பலன். பிள்ளையிடம் இருப்பதில் அம்மாவின் பங்கைக் கழித்துவிட்டால் மிச்சம் அப்பாவுடையது. அப்பா அம்மா இருவரும் இருந்தால் இன்னும் சுலபம். அண்ணன் தம்பி என்றால் கொஞ்சம் குழப்பும், ஒன்றுக்கு இரண்டு பேர் தேவைப்படலாம். சித்தப்பா மகன், மாமா மகள் எல்லாம் வழக்கமான இந்தச் சோதனைக்கு எட்டாத தூரம்.

அம்மா வழியில் மட்டும் இறங்கும் இன்னொரு வகை டிஎன்ஏ இருக்கிறது, மைட்டோகாண்ட்ரியா. ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான நகல்கள் இருப்பதால் பழைய எலும்பிலும் தாங்கும். ரஷ்ய ஜார் குடும்பத்தின் எலும்புகளில், அரசியுடையதையும் பிள்ளைகளுடையதையும் 1990களில் இப்படித்தான் பொருத்தினார்கள். ரத்தம் கொடுத்தவர் இங்கிலாந்து ராணியின் கணவர் பிலிப். ஜார் மனைவியின் அக்காவுக்கு மகள் வழிப் பேரன். அரச குடும்பம் என்பதால் வம்சாவளி ஏட்டில் இருந்தது, ஆளும் உயிரோடு இருந்தார்.

20 ஜூன் 2025

சுனாமியைப் பற்றி எழுதாமல் இதை எழுத முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிளினிக் திறந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. மறுநாள் நண்பர்களோடு வேளாங்கண்ணி போனேன், என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமலே. கிறிஸ்துமஸுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் ஏராளம். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல்.

ஒரு நாள் தாண்டினாலே முகம் போய்விடும். ஊதிக் கறுத்துவிடுகிறது. எல்லோரும் ஒரே ஆள் மாதிரி. குழந்தையைத் தேடி வந்த ஒரு மனிதர் ஒவ்வொரு உடலாகக் குனிந்து காதை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். தோட்டைத் தேடுகிறார் என்று புரியச் சற்று நேரம் ஆனது. இன்னொருவர் அரைஞாண் கயிற்றைப் பார்த்தார். கறுப்பா, சிவப்பா, வெள்ளியா, எத்தனை முடிச்சு, தாயத்து உண்டா என்று. ரோஸ் படிவம் எதுவும் இல்லாமலே அவர்கள் அந்தப் படிவத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் பல் டாக்டர். ஒரு வாயைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. பார்த்து என்ன எழுதுவது, எதனோடு ஒப்பிடுவது? அந்தக் கடற்கரையில் இறந்தவர்களில் எத்தனை பேர் வாழ்நாளில் ஒரு பல் எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள்? குழி வெட்டி மொத்தமாகப் புதைத்தார்கள். நாற்றத்திலும் அவசரத்திலும் வேறு வழி இருந்ததாக எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

அதே அலை தாய்லாந்திலும் அடித்தது. 5,300 பேருக்கு மேல் இறந்தார்கள், கிட்டத்தட்டப் பாதி வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து குழுக்கள் வந்து இறங்கின. முதல் மாதங்களில் அடையாளம் காணப்பட்டவர்களில் பெரும்பாலோர் பல் மூலமாகத்தான். ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் ஏதோ ஒரு சின்ன ஊர்ப் பல் மருத்துவர் அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்து அனுப்பினார். டிஎன்ஏ அங்கே பிந்தித்தான் கைகொடுத்தது. ஆரம்பத்தில் எடுத்த மாதிரிகள் பல வெயிலிலும் ஈரத்திலும் கெட்டுப்போயிருந்தன. தாய்லாந்துக்காரர்கள் விஷயத்தில் கைரேகை உதவியது, அவர்களுடைய தேசிய அடையாள அட்டைக்காகக் கட்டைவிரல் ரேகை ஏற்கெனவே பதிவாகியிருந்ததால்.

அலையும் ஒன்று, வெயிலும் ஒன்று. அவர்கள் பெயரோடு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

21 ஜூன் 2025

நேற்று எழுதியது ஒருதலையாகப் போய்விட்டது என்று ஒருவர் குட்டுகிறார். குட்டு நியாயம். தாய்லாந்திலும் பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்கள் உண்டு. "ஆதார்ல கைரேகை இருக்கே, இப்போ நமக்கும் கவலை இல்லையே" என்கிறார் இன்னொருவர். ஆதார் ரேகையைப் போலீஸ் பிணத்தின் விரலை வைத்துத் தேடிப்பார்க்க முடியாது, சட்டமும் இடம் தராது, அந்த அமைப்பும் அப்படிக் கட்டப்படவில்லை. 'இந்த எண் இவருடையதா' என்று கேட்டால் ஆம், இல்லை சொல்லும். 'இவர் யார்' என்று கேட்க விடமாட்டார்கள். விடலாமா கூடாதா என்பது பெரிய சண்டை. இங்கே வேண்டாம்.

29 ஜூன் 2025

ஆமதாபாத்தில் இறந்தவர்கள் 270க்கு மேல் என்று போன வாரம் வரை செய்தி. இப்போது எல்லா டிஎன்ஏவும் பொருந்தி முடிந்தபின் 260. விமானத்தில் 241, கீழே 19. இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை, எனக்கு இதுதான் பெரிய செய்தி. சிதறியதையும் எரிந்ததையும் பைகளில் வைத்து எண்ணும்போது ஒரே ஆளின் இரண்டு பகுதி இரண்டு ஆளாகிவிடும். யார் என்று தெரியும்வரை எத்தனை பேர் என்பதுகூடத் தெரியாது.

கேள்வி கேட்டவருக்கு இந்த இடத்தில் முழு மதிப்பெண். இதைப் பல் வைத்துச் செய்திருக்கவே முடியாது. கைத்துண்டில் ஏது பல்?

பல் எவ்வளவு சூடு தாங்கும் என்றும் கேட்கிறார்கள். பல்லின் மேல்பூச்சு, எனாமல், உடம்பிலேயே கடினமான பொருள். ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். அதிலும் கடும் சூடு திடீரென்று ஏறினால் வெடித்து உதிரும். உள்ளே வேர் நிற்கும். வெள்ளிக் கலவை அடைப்பில் பாதரசம் சீக்கிரமே ஆவியாகிவிடும். பீங்கான் கேப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. அப்பாவுக்குச் சஞ்சயனத்தன்று பால் தெளித்துவிட்டு, காலிலிருந்து தலை நோக்கி எலும்பு பொறுக்கிக்கொண்டு போனபோது, தலைமாட்டுச் சாம்பலில் பட்டாணி அளவில் ஒன்று கறுத்துக் கிடந்தது. விரலால் தேய்த்தேன். நான் வைத்த கேப். ஓரத்தில் நான் சரியாகத் தேய்க்காமல் விட்ட ஒரு சின்னப் பிசிறு, அதுவரை அப்படியே இருந்தது. சுற்றியிருந்த எலும்பு சாக்பீஸ் மாதிரி வெளுத்து, தொட்டால் நொறுங்கியது. அந்தப் பதத்துக்கு வெந்த எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுப்பது அநேகமாக நடக்காத காரியம். கேப்பை மட்டும் கொடுத்திருந்தால் நான் அப்பா பேரைச் சொல்லியிருப்பேன்.

2 ஜூலை 2025

"சுமார் 45 வயது மதிக்கத்தக்க ஆண் சடலம்." தினமும் பேப்பரில் பார்க்கிறோம். யார் மதிக்கிறார்கள், எப்படி மதிக்கிறார்கள்?

இளவயது என்றால் பல் பொய் சொல்லாது. எந்தப் பல் முளைத்திருக்கிறது, வேர் எதுவரை வளர்ந்திருக்கிறது என்று பார்த்தால் குழந்தைகளுக்கு ஏறக்குறைய ஒரு வருஷ வித்தியாசத்துக்குள் சொல்லலாம். கடைவாயில் கடைசிப் பல் வேர் முடிந்துவிட்டால் பிறகு தடுமாற்றம்தான். குஸ்தாஃப்சன் என்ற ஸ்வீடன்காரர் 1950இல் ஆறு மாற்றங்களைச் சேர்த்துக் கணக்கிடும் முறை சொன்னார்: தேய்மானம், ஈறு இறங்குதல், உள்ளே புதிதாகப் படியும் பல்திசு, வேரைச் சுற்றிப் பூச்சு தடிப்பது, வேர் கரைவது, வேர்நுனி கண்ணாடி மாதிரி ஆவது. இதில் முதல் இரண்டும் நம் ஊரில் ஏமாற்றிவிடும். வெற்றிலை பாக்கு போடுகிறவர் பல்லைப் பாருங்கள், முப்பதில் ஐம்பது மாதிரி தேய்ந்து, ஈறு இறங்கி, கறை பிடித்திருக்கும். வேர்நுனி எவ்வளவு தூரம் ஒளி ஊடுருவுகிறது என்பதை நான் அதிகம் நம்புவேன்.

பல் ஊரும் சொல்லும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். எட்டு வயதுக்குள் அந்தத் தண்ணீரைக் குடித்தவர் முன்பல்லில் பழுப்புத் திட்டு விழும், சாகும்வரை போகாது. டெல்டாவில் கிடைக்கும் உடலில் அந்தத் திட்டு இருந்தால் 'பிழைப்புக்கு வந்த ஆளா, விசாரியுங்கள்' என்று சொல்லலாம். பெயர் வராது, தேட வேண்டிய திசை வரும்.

ஆணா பெண்ணா என்பதற்கு இடுப்பெலும்பு முழுசாகக் கிடைத்தால் போதும், அநேகமாகத் தப்பாது. மண்டையோடு அடுத்தது. குழந்தை எலும்பில் சொல்ல முயலவே கூடாது, ஆண், பெண் என்று இடுப்பு இன்னும் வேறுபட்டு வளர்ந்திருக்காது.

இடைச்செருகல்: கடித்த தழும்பை வைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது வேறு சமாச்சாரம். தோல் ரப்பர் மாதிரி இழுபடும். அமெரிக்காவில் நிஸ்ட் என்ற அரசுத் தர நிர்ணய அமைப்பு 2023இல் அதற்குப் போதுமான அறிவியல் அடித்தளம் இல்லை என்றே எழுதிவிட்டது. இரண்டையும் போட்டுக் குழப்பி என்னைத் திட்ட வேண்டாம்.

5 ஜூலை 2025

மண்டையோட்டை ஃபோட்டோவோடு பொருத்துவதைக் கேட்டிருந்தார். சூப்பர் இம்போசிஷன் என்று போலீஸ் வட்டாரத்தில் சொல்வார்கள். சந்திரசேகரன் இயக்குநராக இருந்த காலத்தில் சென்னைத் தடய அறிவியல் துறை இதில் பெயர் வாங்கியது. கண்குழி, மூக்கு அடி, நெற்றி மேடு, சிரித்த படமாக இருந்தால் முன்பற்கள், இவையெல்லாம் ஒரே கோணத்தில் ஒரே அளவில் உட்காருகிறதா என்று பார்ப்பது. என் கருத்து: 'இவர் இல்லை' என்று தள்ள அருமையான முறை. 'இவரேதான்' என்று சத்தியம் செய்ய இது மட்டும் போதாது.

இதில் புகழ்பெற்ற வழக்கு 1935, இங்கிலாந்து லங்காஸ்டர். டாக்டர் பக் ரக்ஸ்டன், பம்பாயில் பிறந்த பார்சி, மனைவியையும் வேலைக்காரப் பெண்ணையும் கொன்று துண்டாக்கி ஸ்காட்லாந்தில் ஓர் ஓடைப் பள்ளத்தில் எறிந்தார். டாக்டர் அல்லவா, எதை வைத்து அடையாளம் காண்பார்கள் என்று அவருக்கே தெரியும். விரல்நுனி, பல் என்று பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டார். ஆனால் சுற்றிய செய்தித்தாள் லங்காஸ்டர் வட்டாரத்தில் மட்டும் விற்ற பதிப்பு. மனைவி தலையில் கிரீடம் போன்ற நகை வைத்து எடுத்துக்கொண்ட படம் வீட்டில் இருந்தது. அந்த நகையை அளந்து படத்தின் அளவைப் பிடித்து, மண்டையோட்டின் மேல் பொருத்தினார்கள். 1936இல் தூக்கு.

நம் ஊர் வழக்கு ஆளவந்தார், சென்னையில் பேனாக்கடை வைத்திருந்தவர், அவருடைய கொலை. 1952 ஆகஸ்ட். போட் மெயில் ரயிலில் டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல், மானாமதுரையில் இறக்கினார்கள். தலை ராயபுரம் கடற்கரையில் ஒதுங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் கோபாலகிருஷ்ணன் இரண்டையும் ஆராய்ந்தார். மனைவி காதில் குத்தியிருந்த துளைகளைப் பார்த்துச் சொன்னார். அத்தோடு விட்டிருந்தால் இரண்டாம் தரம்தான். ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் இருந்தவர், ரேகை அங்கே பதிவில் இருந்தது, பொருந்தியது. பட்டாளத்துக்குப் போகாத பேனாக்கடை வியாபாரியாக மட்டும் இருந்திருந்தால்?

(பாரிஸ் 1897 தீ விபத்துக் கதையும் உண்டு. தர்ம காரியத்துக்கு நடந்த சந்தையில் 126 பேர் எரிந்து, சொந்தக்காரர்களால் அடையாளம் காண முடியாதபோது பராகுவே தூதரக அதிகாரி ஒருவர் பல் மருத்துவர்களைக் கூப்பிடச் சொன்னார். எங்கள் தொழிலுக்கு இந்தப் பக்கம் ஒரு வாசல் திறந்தது அன்றைக்குத்தான் என்பார்கள். நீளும், விடுகிறேன்.)

24 ஜூலை 2025

பிரிட்டனுக்குப் போன ஆமதாபாத் சவப்பெட்டிகளில் சிலவற்றில் ஆள் மாறியிருப்பதாகவும், ஒன்றில் இருவருடையது கலந்திருப்பதாகவும் அங்குள்ள குடும்பங்களின் வழக்கறிஞர் சொல்வதாகச் செய்தி. முறைப்படிதான் செய்தோம் என்கிறது நம் அரசு. உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. ஆனால் இது சோதனைக்குழாயில் வரும் பிழையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பையிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கிறோம். வந்த பெயரைப் பை முழுவதுக்கும் ஒட்டுகிறோம். பைக்குள் இருவர் இருந்தால்?

போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் இதைத்தான் வருஷக்கணக்கில் பிரித்துக்கொண்டிருந்தார்கள். 1995 ஜூலையில் கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய எட்டாயிரம் ஆண்களும் சிறுவர்களும். பிறகு தடயத்தை மறைக்க இயந்திரம் வைத்துக் குழிகளைத் தோண்டி வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில். அங்கே டிஎன்ஏ இல்லாமல் ஓர் அடி நகர்ந்திருக்க முடியாது. காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணையம் உறவினர்களிடம் ரத்தம் வாங்கி வங்கியாகவே வைத்தது. ஏழாயிரத்தை நெருங்கும் பேருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. சில குடும்பங்கள் ஓர் எலும்பு கிடைத்ததும் அடக்கம் செய்தன. சில, இன்னும் கிடைக்கட்டும் என்று காத்திருந்தன. எது சரி என்று யார் சொல்ல?

கேள்வி கேட்டவர் "பாத்தீங்களா, டிஎன்ஏதான்" என்று சிரிப்பார். சிரிக்கட்டும். ரத்தம் கொடுத்த அம்மாக்களையும் எண்ணிவிட்டுச் சிரிக்கட்டும்.

7 ஆகஸ்ட் 2025

செம்மணி, யாழ்ப்பாணத்துப் பக்கம் மனிதப் புதைகுழி கிடைத்த இடம். அந்த ஊர் நண்பர் ஒருவர் எழுதச் சொன்னார், தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அங்கே ஆட்களைக் கொன்று புதைத்ததாக 1998இல் ஒரு ராணுவ வீரர் நீதிமன்றத்தில் சொன்னதையடுத்து, 1999இல் அங்கே 15 உடல்கள் தோண்டப்பட்டன. இந்த வருஷம் பெப்ரவரியில் அதே பகுதியில் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது மறுபடி எலும்பு. இப்போது எண்ணிக்கை நூற்றைத் தாண்டிவிட்டது. குழந்தைகளும் உண்டு. ஒன்றோடு நீலநிறப் பள்ளிக்கூடப் பை.

நேற்று முன்தினம், 5ஆம் தேதி, நீதிமன்ற அனுமதியோடு அங்கே கிடைத்த பொருட்களை மக்கள் பார்க்க வைத்தார்கள். துணி, செருப்பு, வளையல், விளையாட்டுச் சாமான். முப்பது வருஷத்துக்கு முந்தைய செருப்பை ஓர் அம்மா அடையாளம் சொல்ல வேண்டும். வேளாங்கண்ணியில் தோட்டைத் தேடிய அந்த மனிதர்தான் ஞாபகம் வந்தார்.

எலும்பில் டிஎன்ஏ நிற்குமா என்று கேட்கிறார் நண்பர். முப்பது வருஷம் ஒரு பொருட்டே அல்ல, மண்ணும் சூடும்தான் பிரச்சினை. பல்லும், காதுக்கு உள்ளே இருக்கும் பாறை எலும்பும் நன்றாகத் தாங்கும். ஆனால் கொடுக்க வேண்டிய அம்மாக்களுக்கு எழுபது, எண்பது வயது. எலும்பு காத்திருக்கும். அவர்களுடைய ரத்தத்தை இப்போதே எடுத்து வைக்க வேண்டும், தோண்டி முடிக்கும்வரை பொறுக்கக் கூடாது.

மன்னாரில் 2018இல் சதொச என்ற அரசு அங்காடி வளாகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். ஆறு மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போய், 1404 முதல் 1635 வரையான காலம் என்று கார்பன் தேதி வந்தது. பலர் நம்பவில்லை. ஆறு மாதிரி முந்நூறு பேருக்குப் பேசுமா என்பது நியாயமான கேள்வி. இங்கே பல் டாக்டராக ஒன்று சேர்க்கிறேன்: 1950களுக்குப் பின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஒருவகைக் கார்பன் ஏறக்குறைய இரட்டிப்பானது, பிறகு மெல்ல இறங்கியது. எனாமல் உருவாகும் வயதில் அது பல்லில் பதிந்துவிடும், பிறகு மாறாது. அக்காலத்துக்குப் பின் பிறந்தவரின் பல் கிடைத்தால், பிறந்த வருஷத்தையே இரண்டு வருஷ வித்தியாசத்துக்குள் சொல்லலாம். நானூறு வருஷப் பழசா, நேற்றையதா என்ற சண்டைக்குக் குழிக்குழியாக இதைச் செய்தாலே பாதிச் சண்டை ஓயும்.

19 ஆகஸ்ட் 2025

ஜூன் 15 இரவு எழுதியதில் ஒரு திருத்தம். இதற்காகத்தான் இரண்டு மாதம் சுற்றி வளைத்தேன் போலிருக்கிறது.

'நினைவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்' என்று எழுதினேன். இல்லை. என் உதவியாளர் அக்கா நேற்று சொன்னார், "நீங்க அப்படிச் சொல்லல டாக்டர், கீழ வலது பக்கம்னு அடிச்சுச் சொன்னீங்க." அவர் சொன்னதும் எனக்கும் வந்துவிட்டது. ஃபோட்டோவில் கேப் இடது பக்கம். கான்ஸ்டபிள் இரண்டு தடவை கேட்டார், "உறுதியா சார்?" அடுத்த ஆள் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். "வலதுதான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றேன். எதிரில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு நோயாளியின் இடது தன் வலது. ஞாபகத்தில் நான் வைத்திருந்தது என் பக்கம்.

பொருந்தவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்த அம்மாவை விட்டுவிட்டு வேறு வீடு தேடினார்கள். எட்டு மாதம் கழித்து, அந்த அம்மா விடாமல் நடையாய் நடந்ததில், ரத்தம் எடுத்து டிஎன்ஏ பார்த்தார்கள். அவர் மகன்தான். ஆகவே கேள்வி கேட்டவரே, என் வழக்கில் ஜெயித்தது உங்கள் கட்சி. தோற்றது பல் அல்ல, பல் டாக்டர்.

அந்த அம்மா மறுவருஷம் தன் பல்லுக்காகவே வந்தார். ஆடிய பல், பிடுங்கினேன். காசு வேண்டாம் என்றதற்குச் சீட்டாவது கொடுங்கள் என்றார். அப்போதெல்லாம் எல்லாச் சீட்டிலும் பல்லின் எண்ணை எழுத ஆரம்பித்திருந்தேன். 36 என்று எழுதிக் கொடுத்தேன். எட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி நம்பர்?" என்றார்.

"பல்லோட நம்பர்மா. கீழ, இடது பக்கம்."

"அவனுக்கும் எழுதியிருந்தீங்களா?"

அக்காவிடம் அடுத்த ஆளை அனுப்பச் சொன்னேன்.